செத்த பொம்மைகள் எங்கே போகும்?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. ஆணி அதிகம் உள்ளவர்கள் சாயங்காலம் காபியோடு வரவும். பாதியில் தூங்கிப் போனால் கம்பெனி பொறுப்பல்ல.

பொட்டி தட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் நான் செய்கிற காரியம், பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பது. சிரிக்காதீங்க மக்களே. சுண்டுவிரலில் பாதி உயரம்கூட வராத சிப்பாய்கள். காலில் இருந்து கண் வரைக்கும் 28 மில்லிமீட்டர். சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் சட்டம் சட்டமாக வரும். கை, தலை, துப்பாக்கி எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டி, அச்சுக் கோடுகளைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வர்ணம் தீட்டி, 6 அடிக்கு 4 அடி மேசையில் வரிசையாக நிறுத்தி, இஞ்ச் டேப்பும் பகடையும் வைத்துக்கொண்டு ரெண்டு பேர் சண்டை போடுவோம். தற்சமயம் என் மேசையில் இருப்பது நெப்போலியனின் பிரெஞ்சு காலாட்படை.

வேலை எப்படி என்றால், முதலில் ஏர்பிரஷ்ஷால் ஆள் முழுக்கக் கறுப்பு. அது காய்ந்ததும் தலைக்கு மேலே இருந்து, சாய்வாக, வெள்ளையை லேசாகத் தூவ வேண்டும். உச்சி வெயில் எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் வெள்ளை ஏறும். அக்குள், தொப்பியின் அடி, முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் கறுப்பாகவே நிற்கும். அதன் மேல் மெல்லிய நீலத்தை ஓட்டினால் நிழலும் வெளிச்சமும் தானாக வந்துவிடும். 0.3 மிமீ நாசில், 20 பிஎஸ்ஐ அழுத்தம், மூக்கில் மாஸ்க். ஆனால் முகத்துக்கு மட்டும் எந்த மெஷினும் உதவாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்தான். எனக்கு ஒரு ஆளுக்கு 3 மணி நேரம் ஆகிறது. ஒரு பட்டாலியனுக்கு 24 பேர். கணக்குப் போடாதீங்க, நான் போட்டாச்சு. கிட்டத்தட்ட ஒரு ஸ்பிரின்ட்.

போன வருஷம் ஒரு நாள், என்னோடு வேலை பார்க்கிற நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். கிளிநொச்சிப் பக்கம் பிறந்தவர். 2009-ல் பள்ளிக்கூடப் பையன். அதற்கு மேல் அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு பொம்மையைக் கையில் எடுத்து மீசையை உற்றுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"இதிலை செத்த ஆக்கள் எங்கை மச்சான்?"

செத்தால் மேசையில் இருந்து எடுத்துவிடுவோம் என்றேன்.

"எடுத்து எங்கை வைக்கிறனீ?"

டப்பாவில் என்றேன். தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. கிண்டலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். எனக்குத்தான் அது உள்ளே இறங்கிக் குடைந்துகொண்டே இருந்தது. இந்தப் பொழுதுபோக்குக்கு 200 வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அத்தனை வருஷமும் செத்த பொம்மைகளை என்னதான் செய்தார்கள்? அதைத் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

ஆரம்பம் பிரஷ்யா. அதற்கு முன்னே 1780-ல் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற கணக்கு வாத்தியார் சதுரங்கத்தைப் பெரிதாக்கி ஒரு போர் விளையாட்டு செய்திருந்தார். ஆனால் நாம் இன்று ஆடுகிற வகைக்குத் தாத்தா என்றால் ரைஸ்விட்ஸ் குடும்பம்தான். அப்பா ரைஸ்விட்ஸ் 1812-ல் அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஒரு மேசையே செய்து கொடுத்தார். இழுப்பறை வைத்த அழகான மேசை, மேலே மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய நிலப்பரப்புத் துண்டுகள். மகன் ரைஸ்விட்ஸ் பீரங்கிப் படை லெப்டினன்ட். அவர் 1824-ல் அதை ராணுவத்துக்கான ஒழுங்கான விதிமுறையாக்கினார். மேசைக்குப் பதில் 1:8000 அளவு வரைபடம், ஒரு சுற்றுக்கு 2 நிமிட நேரம், நடுவர், பகடை. தலைமைத் தளபதி முஃப்லிங் பார்த்துவிட்டு, இது விளையாட்டே இல்லை, போர்ப் பயிற்சி என்று பாராட்டி, படை முழுக்கப் பரிந்துரைத்தார். (மகன் கதை சோகம். டோர்காவுக்கு மாற்றல் வந்தது, 1827-ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார்.)

இதில் எனக்குச் சுருக்கென்று பட்டது என்னவென்றால், இந்த ஆட்டத்தில் பொம்மையே கிடையாது. சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்ன ஈயக் கட்டைகள். ஒரு கட்டை என்றால் ஒரு படைப்பிரிவு. சாவு என்பது அட்டவணையில் கழிகிற புள்ளி. குறிப்பிட்ட அளவு கழிந்தால் கட்டையை மாற்றுவார்கள், இல்லை எடுத்துவிடுவார்கள். ஆக, நிஜமாகவே ஆட்களைச் சாவுக்கு அனுப்பப் போகிறவர்கள் பழகிய விளையாட்டில் கையும் இல்லை, காலும் இல்லை, மீசையும் இல்லை. இன்றைக்கும் ராணுவ வரைபடங்களில் நம்மாள் என்றால் நீலம், எதிரி என்றால் சிவப்பு. முகம் வரைந்தது ராணுவம் இல்லை. பொம்மைக் கடைக்காரர்கள்.

நம் அடுத்த ஆள் அந்த ரெண்டுக்கும் நடுவில் வருகிறார். முஃப்லிங் 1815-ல் வாட்டர்லூ போரின்போது பிரஷ்யா சார்பில் வெலிங்டனின் கூடாரத்தில் இருந்த தொடர்பு அதிகாரி. வெலிங்டன் யார்? நம்ம பக்கத்து சீரங்கப்பட்டணத்தில் 1799-ல் திப்பு விழுந்த முற்றுகையில் இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். வாட்டர்லூ நடந்து 15 வருஷம் கழித்து, 1830-ல், அந்தப் போர்க்களத்தை மாதிரியாகச் செய்யும் வேலை வில்லியம் சைபோர்ன் என்ற லெப்டினன்ட்டிடம் வந்தது. மனுஷன் நம்மள மாதிரி கேஸ். கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் போவோம் என்கிற ரகமே இல்லை. போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே செந்த் பண்ணை வீட்டிலேயே 8 மாதம் தங்கி, மேடு பள்ளம் எல்லாம் அளந்தார். போரில் இருந்து உயிரோடு திரும்பிய அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்: அன்று சாயங்காலம் 7 மணிவாக்கில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார் நின்றார்கள், உங்கள் வயலில் என்ன பயிர் இருந்தது? ஆமாம் சார், பயிர் உட்பட. நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

1833-ல் அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. (பிராஜெக்ட்டுக்கு நடுவில் பட்ஜெட் போவது நமக்குத் தெரியாததா!) சொந்தக் காசு, கடன் என்று தொடர்ந்தார். மொத்தம் சுமார் 3,000 பவுண்ட் செலவு. 1838-ல் லண்டன் பிக்காடிலியில் எகிப்தியன் ஹாலில் காட்சிக்கு வைத்தபோது மாதிரியின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர அடி. அதில் 10 மிமீ உயரத்தில், அந்தந்த ரெஜிமென்ட் உடுப்பின் வர்ணத்தோடு 70,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள். ஒரு பொம்மை ரெண்டு ஆளுக்குச் சமம். 24 பேருக்கு நான் மூக்கால் அழுகிறேன்!

சண்டை அதற்குப் பிறகுதான். சைபோர்ன் பிரஷ்யர்களிடமும் தகவல் கேட்டு, அவர்கள் சொன்னபடி பிரஷ்யப் படையை உள்ளே நன்றாக முன்னேறிய நிலையில் வைத்திருந்தார். வெலிங்டன் தரப்பு, அந்த நேரத்தில் அத்தனை பிரஷ்யர்கள் அங்கே இல்லை, இது வெற்றியை யாருக்குக் கொடுக்கிறது என்று முகம் சுளித்தது. பல வருஷம் கடிதப் போர். வாட்டர்லூவை ஜெயித்த கோமகனும், பதவி உயர்வுக்கும் அரசாங்கப் பணத்துக்கும் காத்திருக்கிற ஒரு லெப்டினன்ட்டும். யார் ஜெயிப்பார்? கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதி பலகையில் இருந்து எடுக்கப்பட்டது. சைபோர்ன் உண்மையைக் கண்டுபிடித்துத்தான் மாற்றினாரா, பணிந்து மாற்றினாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சி ரெண்டாவது. பணம் முழுசும் திரும்பி வராமலே 1849-ல் சைபோர்ன் இறந்துபோனார். மாதிரி இன்று லண்டன் செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். வாட்டர்லூவில் ஒரே நாளில் சுமார் 50,000 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். செத்தவர்கள் எங்கே? அங்கே தோண்டிய தொல்லியல் ஆட்களுக்கு இதுவரை கிடைத்த முழு எலும்புக்கூடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2012-ல் ஒன்று, 2022-ல் ஒன்று என்று கிடைத்தாலே உலகச் செய்தி. மீதி? பற்களைப் பொய்ப்பல் செட்டுக்காகப் பிடுங்கிக்கொண்டு போனது பழைய செய்தி. எலும்புகள் போனது எங்கே என்பதற்கு 2022-ல் பெர்னார்ட் வில்கின், ராபின் ஷேஃபர், டோனி பொல்லார்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆவணங்களில் இருந்து ஒரு பதிலைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை. 1830-களில் பெல்ஜியத்தில் பீட்ரூட் சர்க்கரை ஆலைகள் பெருகின. சாற்றை வெளுக்க வைக்க எலும்புக்கரி வேண்டும். எலும்புக்கு நல்ல விலை. போர்க்களத்துப் புதைகுழிகளைத் தோண்டி, குதிரை எலும்போடு மனித எலும்பையும் சேர்த்து எடுத்து விற்றார்கள் என்பது அவர்கள் முடிவு.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எகிப்தியன் ஹாலில் காசு கொடுத்து, வர்ணம் தீட்டிய 70,000 பேரைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே பத்தாண்டில் அந்தப் பொம்மைகளின் அசல்களைத் தோண்டி ஆலைக்கு வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. காபியில் சர்க்கரையும் போடவில்லை.

சரி, பொம்மைக் கடைக்கு வருவோம். ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் 1770-களில் இருந்தே ஹில்பர்ட் போன்ற கைவினைஞர்கள் அட்டை மாதிரித் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்து வந்தார்கள். (நம்ம வீட்டு ரசத்துக்கு ஈயச்சொம்பு என்கிறோமே, அது இந்த வெள்ளீயம். காரீயம் வேறே ஜாதி, அது விஷம். சொம்பு வாங்கும்போது கலப்படம் பார்த்து வாங்கவும்.) 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. உருக்கிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியவுடன் நடுவில் உள்ளதை வெளியே கவிழ்த்துவிடுவது. உள்ளே ஓட்டையான பொம்மை. பாதி உலோகம், பாதி எடை, குறைந்த விலை. ஜெர்மன்காரன் வியாபாரம் படுத்துவிட்டது.

வார்ப்பது ஆண்கள். வர்ணம் அடித்தது பெரும்பாலும் பெண்கள், தொழிற்சாலையிலும், ஆரம்ப காலத்தில் வெளிவேலையாகத் தங்கள் வீட்டிலும். நம்ம பக்கம் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்களே, அதுபோல. சிவப்புக் கோட்டு ஒரு இழுப்பு, கறுப்புத் தொப்பி ஒரு இழுப்பு, கண்ணுக்கு ரெண்டு புள்ளி. பழைய பிரிட்டன் பொம்மைகளின் முகத்தை உற்றுப் பார்த்தால் கண் புள்ளிகள் கொஞ்சம் இப்படி அப்படி இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் எடுக்கிற சொகுசு எனக்கு. அவர்களுக்கு நொடிக்கணக்கு. பெட்டியின் மேல் கம்பெனி பெயர் உண்டு, அவர்கள் பெயர் கிடையாது.

இந்தப் பொம்மைகளை வைத்துத்தான் எச்.ஜி. வெல்ஸ் விளையாடினார். கால யந்திரம் எழுதிய அதே வெல்ஸ். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பொழுதுபோக்காக மினியேச்சர் போர் ஆடுகிற எல்லோருக்கும் அதுதான் ஆதி நூல். (அதற்கு முன்பே 1880-களின் ஆரம்பத்தில் ஸ்டீவன்சன் சுவிட்சர்லாந்து டாவோஸில் வளர்ப்பு மகனோடு தரையில் வரைபடம் போட்டு ஆடியிருக்கிறார். எழுத்தாளர்களுக்கு ஏன் இந்தக் கிறுக்கோ.) வெல்ஸ் ஆட்டத்தில் பகடை கிடையாது. பிரிட்டன் கம்பெனி விற்ற ஸ்பிரிங் பீரங்கியில் மரக் குச்சியைப் போட்டு நிஜமாகவே சுட வேண்டும். பட்டு விழுந்தவன் செத்தான். கைகலப்பு என்றால் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்வது. கவிஞர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கோட்டு சூட்டோடு தரையில் குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணை மூடிக் குறிபார்ப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம்தான் எனக்கு முக்கியம். அதுவரை சிரிப்பும் கும்மாளமுமாகப் போகிற மனுஷன் அங்கே சட்டென்று சீரியஸாகிறார். தன்னோடு ஆட வந்த நிஜ ராணுவ அதிகாரிகள் எளிய விதிகளிலேயே குழம்பித் தடுமாறினார்கள் என்கிறார். நாலு முறை தரையில் ஆடிப் பார்த்தாலே தெரிந்துவிடும், பெரிய போர் என்பது மனிதனின் அறிவுக்கு மீறிய ஒரு சொதப்பல் என்று. போர் வெறி பிடித்த அத்தனை பேரையும் ஒரு கோயில் மாதிரி இடத்தில் பொம்மைகளோடு பூட்டி வைத்துவிடுங்கள், நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம் என்கிற தொனியில் எழுதுகிறார். அடுத்த வருஷம் 1914. அதே வெல்ஸ் இந்தப் போர், போர்களுக்கே முடிவு கட்டும் போர் என்று தலைப்பு வைத்துப் புத்தகம் எழுதினார். அந்தச் சொற்றொடர் பிறகு எவ்வளவு கேலிக்கு ஆளானது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் சொன்ன வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. தரையில் படுத்து ஆடினால் பெரிய போரின் முட்டாள்தனம் தெரியும் என்பது சரி. ஆனால் பொம்மையில் ஆடுகிறவன் நிஜத்தில் ஆட மாட்டான் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இல்லை. இரண்டும் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரிகேடியர் பீட்டர் யங் இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ, 1942-ல் தியெப் தாக்குதலில் இருந்தவர். அவர் 1967-ல் லாஃபோர்டுடன் சேர்ந்து 'சார்ஜ்!' என்று போர் விளையாட்டுப் புத்தகம் எழுதினார். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் அதே போரில் டாங்கிப் படையில் இருந்தவர், பிறகு பிசியோதெரபிஸ்ட். அவருடைய 1962 புத்தகம் 'வார் கேம்ஸ்' இல்லாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கு இங்கிலாந்தில் இவ்வளவு பரவியிருக்காது. குண்டு சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் திரும்பி வந்து பொம்மையை அடுக்கினார்கள். ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒரே ஒரு தடயம்தான் கிடைக்கிறது. இவர்கள் தலைமுறை எழுதிய விதிகளில் 'மொரேல்' என்ற சங்கதி பெரிய இடம் பிடிக்கிறது. பக்கத்தில் நிற்கிறவன் விழுந்தால் பகடை போட வேண்டும். எண் கம்மியாக வந்தால் உங்கள் படை உங்கள் பேச்சைக் கேட்காமல் ஓடும். பொம்மைக்குப் பயம் வந்துவிட்டது. செத்தவன் மட்டும் இன்னும் டப்பாவுக்குத்தான் போகிறான்.

நம்ம பாஷையில் சொன்னால் ஹார்ட் டெலிட். டேபிளில் இருந்து வரிசையையே தூக்கிவிடுவது.

இதன் பிறகு நடந்தது உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-ல் ஏர்ஃபிக்ஸ் மலிவு பிளாஸ்டிக் சிப்பாய்கள். பள்ளிக்கூடப் பையன் கையிலும் படை வந்தது, ஆனால் அந்த வளையும் பிளாஸ்டிக்கில் அடித்த பெயின்ட் தொட்டால் உரிந்து வந்தது. 1970-களின் கடைசியில் சிட்டடெல், 1983-ல் வார்ஹாமர், 1987-ல் அதன் விண்வெளி அவதாரம் வார்ஹாமர் 40,000. அதே 1987-ல் கோல்டன் டீமன் என்று வர்ணம் தீட்டுவதற்கே தனிப் போட்டி. அதுவரை விளையாட்டுக்காகப் பெயின்ட் அடித்தார்கள், அதற்குப் பிறகு பெயின்ட் அடிப்பதற்காகவே பொம்மை வாங்குகிற ஒரு கூட்டம் வந்தது. நானும் முக்கால்வாசி அந்தக் கூட்டம்தான்.

ஈயத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. குழந்தைகள் கடிக்கிற பொருளில் காரீயம் இருக்கக் கூடாது என்ற அழுத்தத்தில் பிரிட்டன் கம்பெனி 1966-ல் ஈயப் பொம்மையை நிறுத்தியது. வார்ஹாமர்காரர்கள் ஈயம் இல்லாத உலோகத்துக்கு மாறியது 1997-ல். சரி, பழைய ஈயச் சிப்பாய்கள் கதி? அவற்றை ஓக் மரப் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்தவர்கள், வருஷங்கள் கழித்துத் திறந்தால் ஆள் மேல் சாம்பல் பூத்தமாதிரி வெள்ளைத் தூள். சிலது கால் உதிர்ந்து விழுந்திருக்கும். ஓக் மரம் தன்னிடமிருந்து அசிட்டிக் அமில ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வினிகரில் இருக்கிற அதே அமிலம். அது ஈயத்தை அரிக்க, காற்றில் உள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து ஈயக் கார்பனேட் ஆகிவிடும்.

கெமிஸ்ட்ரி புத்தகத்தில் இதை எங்கோ படித்த ஞாபகம் வருகிறதா? பழங்காலத்தில் ஓவியர்களுக்கு வெள்ளை வர்ணம் தயாரித்ததும் இதே முறையில்தான். பானையில் வினிகர், மேலே ஈயத் தகடு, சுற்றிலும் சூட்டுக்குச் சாணம், சில மாதம் மூடி வைத்தால் தகட்டின் மேல் வெள்ளை பூக்கும், சுரண்டி அரைத்தால் வெள்ளை பெயின்ட். அதாவது பீரோவில் பூட்டி வைத்த சிப்பாய், யாரும் தொடாமலேயே, மெதுவாகப் பெயின்ட்டாக மாறிக்கொண்டிருக்கிறான். சேகரிப்பாளர்கள் இதற்கு ஈயப் புற்று, ஈய அரிப்பு என்றெல்லாம் பேர் வைத்துப் பயப்படுகிறார்கள். பிளாஸ்டிக் காலத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்த எனக்கு அந்தக் கவலை இல்லை.

ஏர்பிரஷ் கதை இன்னும் விசேஷம். இந்தக் கருவி பொம்மைக்காகப் பிறந்தது இல்லை. 1870-களின் கடைசியில் அமெரிக்காவில் அப்னர் பீலர் முதல் வடிவம் செய்தார். லிபர்ட்டி வாக்கப் அதைச் சீர்செய்து வியாபாரமாக்கினார். இன்று நாம் பிடிக்கிற வடிவத்துக்குக் கிட்டத்தில் வந்தது 1893-ல் சார்ல்ஸ் பர்டிக் கையில். முக்கியமான உபயோகம் புகைப்படத்தைத் திருத்துவது. நம்ம ஊர் ஸ்டூடியோவில் 'டச்சிங்' என்போமே, அது. செத்துப்போன தாத்தாவின் மங்கிய குரூப் போட்டோவில் இருந்து தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கோட்டு மாட்டி, மாலை போடத் தோதாகச் சட்டம் போட்டுத் தருவார்களே.

அதே கருவி சோவியத்தில் வேறு வேலை பார்த்தது. 1937-ல் மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் நடந்து வருகிற ஒரு புகைப்படம். பக்கத்தில் குட்டையாக ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ். 1937, 38 ஆகிய ரெண்டே வருஷத்தில் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரண தண்டனைக்கு மேற்பார்வை பார்த்த ஆள். 1940-ல் அவரையே சுட்டார்கள். அதன்பின் வந்த பிரதியில் யெஷோவ் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் சின்ன அலையோடு ஓடுகிறது. டேவிட் கிங் 1997-ல் இந்த மாதிரிப் படங்களை எல்லாம் ஒரு புத்தகமாகவே தொகுத்தார். ஆங்கிலத்தில் ஏர்பிரஷ் என்பதை வினைச்சொல்லாகப் போட்டால் அழகுபடுத்துவது என்றும் பொருள் வரும், ஆளையே இல்லாமல் செய்வது என்றும் பொருள் வரும். நான் ராத்திரி 11 மணிக்குக் கம்ப்ரஸரை ஆன் செய்யும்போது கையில் இருப்பது அந்த ரெண்டு வேலையும் தெரிந்த கருவி.

சரி, செத்த ஆளை மேசையிலேயே வைக்கிற வழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் இல்லவே இல்லையா? இருக்கிறது. வார்ஹாமர் மாதிரி பிரபலமான ஆட்டங்களில் கம்மி. வரலாற்றுப் போர் ஆடுகிறவர்களிடம் அதிகம். 2009-ல் வந்த 'பிளாக் பவுடர்' போன்ற விதிகளில் பொம்மையை ஒவ்வொன்றாக எடுப்பதே இல்லை. படைக்கு ஏற்பட்ட சேதத்தை அதன் பக்கத்தில் ஒரு அடையாளம் வைத்துக் காட்ட வேண்டும். வெறும் பகடையை வைக்கலாம், பட்டனை வைக்கலாம். சிலர் விழுந்து கிடக்கிற சிப்பாயை வைக்கிறார்கள். சாஃப்ட் டெலிட், கொடி மட்டும் மாறும், ஆள் மேசையிலேயே இருப்பான். அதற்கென்றே வார்த்த காயம்பட்டோர், இறந்தோர் பொம்மைகள் விற்கின்றன. நல்லதாகச் செய்கிறவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பெர்ரி சகோதரர்கள். இரட்டையரான ஆலனும் மைக்கேலும். 1996-ல் பிரான்ஸில் கிரெஸி போரின் 650-வது ஆண்டுக்காக நடந்த நடிப்புப் போரில் பீரங்கி வெடித்து மைக்கேல் வலது கையை இழந்தார். பொம்மை செதுக்குகிற கை. பிறகு இடது கையால் பழகி மறுபடி செதுக்க ஆரம்பித்தார். இன்றுவரை செதுக்குகிறார். அவர்கள் வீட்டுச் சிற்பங்களில் விழுந்து கிடக்கிறவன் விழுந்து கிடக்கிறவனாகவே இருப்பான். வீரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சினிமாச் சாவு சாக மாட்டான்.

அப்படி விழுந்த நிலையில் 8 பொம்மை வாங்கினேன். என் 24 பேருக்கு 8. ஒரு வட்டப் பீடத்தில் ரெண்டு ரெண்டு பேராக ஒட்டி, நாலு பீடம். இப்போது ஆட்டத்தில் படைக்குச் சேதம் வந்தால் பீடத்தைப் பக்கத்தில் வைக்கிறோம். படை நகர்ந்தால் பீடம் நகராது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். இது எங்கள் வீட்டு விதி, புத்தகத்தில் கிடையாது. ஆட்டம் முடியும்போது மேசையைப் பார்த்தால் யார் எந்த வழியாக வந்தார்கள் என்று தெரியும். எதிரே ஆடுகிறவருக்கு இது இடைஞ்சல். பீடத்தின் மேல் குதிரைப்படையை நிறுத்த முடியாது, சுற்றிப் போக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போகிறார்.

வர்ணத்தில் ஒரு சின்ன டெக்னிக், யாருக்காவது உதவும். நிற்கிற ஆளுக்கு வெள்ளையை மேலே இருந்து தூவுகிறோம் இல்லையா, படுத்திருக்கிற ஆளுக்கும் அதே திசைதான், ஆனால் அவனுக்கு மேல்பக்கம் என்பது நெஞ்சும் முகமும். அதனால் பீடத்தில் ஒட்டிய பிறகுதான் ஏர்பிரஷ் அடிக்க வேண்டும், முன்னாடி அடித்தால் வெளிச்சம் தப்பான பக்கம் விழும். முகத்தில் சிவப்பைக் குறைத்து, சதை நிறத்தில் ஒரு சொட்டு நீலச் சாம்பல் கலந்தால் போதும். உதட்டுக்குத் தனி வர்ணம் வேண்டாம். கண் மூடியிருப்பதால் பிரஷ்ஷுக்கு அங்கே வேலை இல்லை, ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் மிச்சமாகிறது.

அடுத்த பதிவில் மழைக்காலத்தில் கம்ப்ரஸர் குழாயில் தண்ணி சேர்ந்து பெயின்ட் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிற கொடுமையைப் பற்றி. அனுபவஸ்தர்கள் யாராவது இருந்தால் இப்பவே பின்னூட்டத்தில் வழி சொல்லவும். புண்ணியமாப் போகும்.